இனி என்ன செய்வது? இஞ்ஞாசியார் வழி ஆன்மப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணி ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆனவர், பிள்ளைகள் வெளியூர் போய்விட வீட்டில் தனித்திருப்பவர், நான்கு முறை போட்டித் தேர்வு எழுதியும் பட்டியலில் பெயர் வராதவர், வளைகுடாவிலிருந்து திரும்பிவந்து திகைத்து நிற்பவர். இவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இனி நான் என்ன செய்ய?" அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு ஆன்மப் பயிற்சிக்கு வர நினைப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்.

ஆன்மப் பயிற்சி என்றால் என்ன?

இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த செப முறை. 'ஆன்மப் பயிற்சிகள்' என்ற அந்தச் சிறு நூலை இன்று எண்ணிட்ட 370 பத்திகளாக அச்சிடுகிறார்கள். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். உட்கார்ந்து படித்து முடிக்கிற நூல் அல்ல, பயிற்சியை நடத்துகிறவருக்கான கைக்குறிப்பு. அதை மட்டும் வாங்கிப் படித்தவர்கள் பெரும்பாலும் பத்துப் பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். சமையல் குறிப்பைப் படித்துப் பசி ஆறியவர் யார்?

பயிற்சி நான்கு 'வாரங்களாக'ப் பிரிந்திருக்கிறது. வாரம் என்பது சரியாக ஏழு நாள் அல்ல. ஒருவருக்கு நான்கு நாளில் முடியலாம், இன்னொருவருக்குப் பத்து நாள் ஆகலாம். முதல் வாரத்தில் கடவுளின் இரக்கத்துக்கு முன்னால் தன் பாவங்களையும் முறிவுகளையும் பார்ப்பது. இரண்டாவதில் இயேசுவின் பிறப்பு, பணிவாழ்வு. மூன்றாவது பாடுகள், நான்காவது உயிர்ப்பு. வாழ்க்கையைப் பற்றிய முடிவுகளுக்கு இரண்டாம் வாரத்தில்தான் இடம். அதற்குக் காரணம் உண்டு. முதல் வாரத்தைக் கடக்காதவர் எடுக்கும் முடிவில் குற்ற உணர்வு கலந்திருக்கும். "இத்தனை வருசம் வீணாக்கிவிட்டேன், இனிமேல் முழுநேர ஊழியம்தான்" என்று சிலர் திடீரெனக் கிளம்புவது பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான்.

எங்கள் பங்குக் கோவிலில் தவக்காலத்தில் 'தியானம்' நடக்கிறதே, அதுதானா இது?

இல்லை. பங்கில் நடப்பது தியான உரை. ஒருவர் பேசுவார், நூறு பேர் கேட்பார்கள். பாட்டு, குணமளிக்கும் செபம் எல்லாம் இருக்கும். அதன் பயன் வேறு. ஆன்மப் பயிற்சியில் வழிகாட்டி பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேசினாலே அதிகம். மீதி நேரமெல்லாம் நீங்களும் கடவுளும் மட்டுமே. அறிவு நிறைய சேர்வதால் ஆன்மா நிறைவதில்லை, உள்ளே உணர்ந்து சுவைப்பதால்தான் நிறைகிறது என்று நூலின் இரண்டாம் பத்தியே சொல்லிவிடுகிறது.

யோக வகுப்பில் சொல்லித்தரும் தியானமும் அல்ல. மனத்தை வெறுமையாக்கச் சொல்வதில்லை. நினைவு, கற்பனை, ஆசை, அச்சம் எல்லாவற்றையும் செபத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறது.

இந்த முறை எப்படிப் பிறந்தது?

1521 மே 20. வட ஸ்பெயினில் பம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது ஒரு பீரங்கிக் குண்டு இனிகோ என்ற பாஸ்க் வீரரின் வலக்காலை நொறுக்கியது. பின்னாளில் இஞ்ஞாசியார் ஆனவர் இவர்தான். வயது ஏறக்குறைய 30. இலொயோலா மாளிகையில் மாதக்கணக்காகப் படுக்கை. பொழுது போக வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவையோ இயேசுவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுகளும்தான்.

படுத்தபடியே பகற்கனவு கண்டார். ஒரு கனவில், உயர்குலச் சீமாட்டி ஒருத்திக்காகச் சாகசங்கள் செய்வார். இன்னொன்றில், வெறுங்காலோடு எருசலேமுக்கு நடந்துபோவார். இரண்டும் காணும்போது இனித்தன. ஆனால் முதல் கனவு கலைந்த பிறகு மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. பல நாள் இதைக் கவனிக்காமலே இருந்தவர் ஒருநாள் கவனித்தார். முழு முறைக்கும் விதை அதுதான். எழும்போது எல்லா ஆசையும் இனிக்கும். அடங்கிய பின் நாவில் நிற்கும் சுவையைப் பாருங்கள் என்பதே இஞ்ஞாசியார் திரும்பத் திரும்பச் சொல்வது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தச் சுவையைக் கண்டுபிடிக்கத்தான்.

முப்பது நாள் ஒதுங்கிப் போக முடியாது. வேறு வழி உண்டா?

நூலிலேயே உண்டு. 20ஆம் பத்தி சொல்வது முழு வடிவம்: வீட்டையும் வேலையையும் விட்டு ஏறக்குறைய 30 நாள் மௌனம், நாளுக்கு ஐந்து முறை ஒரு மணி நேரச் செபம். 19ஆம் பத்தி, வேலைப் பொறுப்புள்ளவர் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வீட்டிலிருந்தே செய்வதற்கு. இன்றைய நடைமுறையில் அதற்கு எட்டு, ஒன்பது மாதம் பிடிக்கும். வாரம் ஒருமுறை வழிகாட்டியைச் சந்திப்பார்கள். 18ஆம் பத்தி இன்னும் எளிய வடிவத்துக்கு. துறவியர் ஆண்டுதோறும் செய்யும் 8 நாள் தியானத்தில் பொதுநிலையினரையும் (துறவியரோ குருக்களோ அல்லாதவர்களையும்) பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

"இனி என்ன" என்ற கேள்வியோடு வருபவர் முதலிலேயே 30 நாளுக்குப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு மாதம் வீட்டில் ஆன்ம ஆய்வு (அன்றைய நாளைச் செபத்தில் திரும்பிப் பார்ப்பது), பிறகு மூன்று நாள் தியானம், அதன்பின் பார்த்துக்கொள்ளலாம். எங்கே விசாரிப்பது என்று தெரியாவிட்டால் இயேசு சபையினர் இருக்கும் இடத்தில் கேளுங்கள். திருச்சி தூய வளனார், சென்னை இலயோலா, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரிகள் எல்லாம் அவர்களுடையவைதான். தியான இல்லங்களின் நாட்காட்டி அவர்களுக்குத் தெரியும்.

முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்?

தினமும் இரவு 15 நிமிடம் ஆன்ம ஆய்வு. அவ்வளவுதான், வேறெதுவும் சேர்க்க வேண்டாம். நூலின் 43ஆம் பத்தியில் ஐந்து படிகள் இருக்கின்றன. நேரக் கணக்கு நடைமுறையில் இப்படி அமையும்:

நன்றி (3 நிமிடம்). இன்று கிடைத்தவற்றில் இரண்டு மூன்றைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே" என்று மொத்தமாகச் சொன்னால் கணக்கில் சேராது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த முருங்கைக்கீரை, சரியான நேரத்துக்கு வந்த பேருந்து என்று சொல்ல வேண்டும்.

ஒளி கேட்டல் (1 நிமிடம்). என் கண்ணால் அல்ல, உம் கண்ணால் இந்த நாளைப் பார்க்கட்டும் என்ற வேண்டுதல்.

நாளைத் திரும்பிப் பார்த்தல் (6 நிமிடம்). எழுந்தது முதல் மணிமணியாக. எந்த நேரத்தில் உயிர்ப்போடு இருந்தேன், எப்போது சுருங்கிப்போனேன்?

மன்னிப்பு (2 நிமிடம்).

நாளை (3 நிமிடம்). நாளைக்கு வரப்போகும் ஒரு குறிப்பிட்ட நேரத்தை எடுத்து அதற்கான உதவியைக் கேட்பது. பரலோக மந்திரத்தோடு ('பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்ற செபம்) முடிக்கலாம்.

முடிந்ததும் நோட்டில் இரண்டே வரி: இன்று உயிர்ப்பூட்டியது எது, உறிஞ்சியது எது. தேதி போட மறக்காதீர்கள். முப்பது நாளில் அறுபது வரி சேரும். அதைப் புரட்டும்போது உங்கள் கேள்வியே மாறியிருக்கலாம். வேலை போனதால் வெறுமை என்று எழுதத் தொடங்கியவர், உறிஞ்சிய நாளெல்லாம் யாரோடும் பேசாமல் கழிந்த நாள் என்று கண்டுகொள்வது உண்டு. அவருக்கு முதலில் தேவை மனிதர்கள்.

நாங்கள் சிறு வயதிலிருந்தே ஆத்தும சோதனை செய்கிறோமே?

பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்வது பாவங்களை எண்ணுவது. இங்கே நாள் முழுவதும் பார்க்கப்படுகிறது, அதில் பாவம் ஒரு பகுதி. பழக்கதோசத்தில் நேரே நான்காம் படிக்குத் தாவி, 15 நிமிடமும் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. நன்றி முதலில் வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது: கடன்காரனாக இல்லாமல் பிள்ளையாக உட்கார வேண்டும்.

மற்ற தவறுகள்: படுக்கையில் படுத்தபடி செய்வது (மூன்றாம் படியில் தூக்கம் வந்துவிடும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள்). கைபேசியில் எழுதுவது (எழுதிய கையோடு வாட்ஸ்அப் திறக்கும், நாற்பது பக்க நோட்டு போதும்). ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் செய்வது. விட்டது விட்டதுதான், இன்றைய நாளைப் பாருங்கள்.

ஒரு மணி நேரச் செபத்தை எப்படி நடத்துவது?

வீட்டில் செய்பவர் 30 நிமிடத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் ஒரு மணிக்கு வரலாம். விவிலியப் பகுதியை முந்தின இரவே படித்துவைத்துவிடுங்கள். காலையில் தேட ஆரம்பித்தால் பத்து நிமிடம் போய்விடும்.

உட்காரும் இடத்துக்கு ஓரடி, ஈரடி முன்னாலேயே நின்று, ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம், கடவுள் என்னைப் பார்க்கிறார் என்று நினைக்கச் சொல்கிறது 75ஆம் பத்தி. சின்ன விசயம்தான், ஆனால் அடுப்படியிலிருந்து வந்த வேகம் அந்த இடத்தில்தான் அடங்குகிறது. பிறகு காட்சியை மனத்தில் நிறுத்துங்கள். லூக்கா 5இல் பேதுரு வலை வீசும் பகுதி என்றால் ஏரிக்கரை, ஈர வலை, இரவெல்லாம் வீசி ஒன்றும் கிடைக்காதவர்களின் முகம். அடுத்து, வேண்டுவதைத் தெளிவாகக் கேளுங்கள். பார்வையற்ற பார்த்திமேயுவிடம் இயேசு கேட்ட "நான் உமக்கு என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்வியை (மாற்கு 10) உங்களிடம் கேட்பதாக வைத்துக்கொண்டால் எளிது. அதன்பின் காட்சிக்குள் ஓர் ஆளாக இருங்கள். எந்த வரியில் மனம் நின்றுவிடுகிறதோ அங்கேயே தங்குங்கள். அடுத்த வரிக்கு ஓட வேண்டிய அவசியமில்லை. கடைசி ஐந்து நிமிடம் நண்பனிடம் நண்பன் பேசுவது போல ஆண்டவரிடம் பேசுங்கள்.

எழுந்த பிறகு கால் மணி நேரம் மறுபார்வை (77ஆம் பத்தி). எங்கே நெருக்கம், எங்கே எரிச்சல், எங்கே தூக்கம்? பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் மறுநாள் எந்தப் பகுதிக்குத் திரும்புவது என்று தெரியாது, வழிகாட்டியிடம் சொல்லவும் ஒன்றுமிருக்காது.

எந்தப் பகுதிகளை எடுப்பது?

தொடக்கத்துக்குத் திருப்பாடல் 139, எசாயா 43:1-7, எரேமியா 18இன் குயவன், 1 அரசர் 19இல் சூரைச்செடியின் அடியில் "போதும் ஆண்டவரே" என்று படுத்துவிட்ட எலியா. எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அறிவுரை அல்ல, அப்பமும் தண்ணீரும் தூக்கமும். களைத்துப்போய் வருபவர்கள் அந்தப் பகுதியிலேயே மூன்று நாள் இருக்கலாம். சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையினர் பழைய மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் சங்கீதம், ஏசாயா, 1 இராஜாக்கள் என்று பார்க்கவும்.

இந்தப் பயிற்சியில் ஆறுதல், வறட்சி என்று இரண்டு மனநிலைகளைச் சொல்கிறார்களே, அவற்றை எப்படி இனங்காண்பது?

இங்கேதான் பயிற்சியின் உயிர்நாடி, இங்கேதான் குழப்பமும் அதிகம். ஆறுதல் என்றால் 'நன்றாக இருக்கிறது' என்று பொருளல்ல. கண்ணீரோடும் ஆறுதல் இருக்கும்; இறந்துபோன அம்மாவை நினைத்து அழும்போதே உள்ளே நம்பிக்கையும் அன்பும் வளர்ந்தால் அது ஆறுதல். வறட்சி என்றால் 'கஷ்டம்' என்று பொருளல்ல. எல்லாம் சுகமாக இருக்கும்போதே கடவுள்மீதும் மனிதர்மீதும் பற்றுக் குறைந்து, உள்ளே இருட்டும் சலிப்பும் கூடினால் அது வறட்சி. திசையைப் பாருங்கள்: இந்த உணர்வு என்னை வெளியே, அன்பை நோக்கித் தள்ளுகிறதா, உள்ளே என்னை நோக்கிச் சுருட்டுகிறதா?

வளர்ந்துகொண்டிருப்பவரிடம் நல்ல ஆவி, பஞ்சில் விழும் நீர்த்துளி போல மெதுவாக இறங்கும். தீய ஆவி கல்லில் விழும் துளி போலச் சத்தத்தோடு சிதறும் என்கிறது 335ஆம் பத்தி. ஆகவே "இன்றே செய், இல்லாவிட்டால் எல்லாம் போச்சு" என்று விரட்டும் எண்ணத்தை, அது எவ்வளவு பக்தியாக இருந்தாலும், சந்தேகப்படுங்கள்.

தீய ஆவி பக்தி வேடம் போட்டும் வரும். அதனால் ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். "ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக டியூஷன் எடுக்கலாம்" என்று நல்லபடியாகத் தொடங்கிய எண்ணம், நடுவில் பெயர்ப்பலகை, திறப்பு விழா என்று போய், முடிவில் பக்கத்துத் தெருக்காரரை மட்டம் தட்டுவதில் நின்றால், எந்த இடத்தில் வண்டி தடம் மாறியது என்று பின்னோக்கிப் பாருங்கள். டியூஷனைக் கைவிட வேண்டியதில்லை. தடம் மாறிய இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் போதும்.

வறண்ட நாள்களில் என்ன செய்வது?

ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதீர்கள். 318ஆம் பத்தியின் இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி விபத்து தவிரும். வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வருவது, நிச்சயத்தை முறிப்பது, பாடகர் குழுவிலிருந்து விலகுவது எல்லாம் பெரும்பாலும் வறண்ட வாரத்தில்தான் நடக்கின்றன.

முடிவை மாற்றாமல் உங்களை மாற்றுங்கள்: செபத்தைக் குறைக்காமல் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஒரு மணி என்று உட்கார்ந்து 40 நிமிடத்தில் எழத் தோன்றினால் 65ஆவது நிமிடம் எழுங்கள். பிறகு காரணம் தேடுங்கள். 322ஆம் பத்தி மூன்று காரணம் தருகிறது: நம் அசட்டை; நம் அன்பு எவ்வளவு தாங்கும் என்ற சோதனை; ஆறுதல் நம் சம்பாத்தியமல்ல, கொடை என்று உணர்த்துவது. முதலாவதை முதலில் பாருங்கள். இரவு பன்னிரண்டரை வரை கைபேசி பார்த்தவர் காலைச் செபம் வறண்டதற்கு இறைத்திட்டத்தில் காரணம் தேட வேண்டியதில்லை.

மூடிவைக்காதீர்கள். ஒளித்துவைக்கச் சொல்லும் எண்ணமே பெரும்பாலும் கெட்ட எண்ணம். வழிகாட்டியிடம் சொன்ன மாத்திரத்தில் அதன் பலம் குறையும்.

இது வறட்சியா, மனச்சோர்வு நோயா?

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, குளிக்கக்கூடப் பிடிக்காமல், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதை வறட்சி என்று பெயரிட்டுச் செபத்தைக் கூட்ட வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மனாஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். அந்த நிலையில் மௌனத் தியானம் நோயைக் கூட்டலாம். நல்ல வழிகாட்டி சேர்த்துக்கொள்ளாமல் தள்ளிவைப்பார். மாத்திரை சாப்பிடுபவர்கள் பயிற்சிக்காக நிறுத்தக் கூடாது.

குறிக்கோளை முதலிலேயே எழுதிவிட்டு, அதை ஆசீர்வதிக்கும்படி கேட்டால் என்ன?

பெரும்பாலோர் செய்வது அதுதான். நூல் அதைத் தலைகீழ் என்கிறது: குறிக்கோளை வழியாகவும் வழியைக் குறிக்கோளாகவும் ஆக்கிக்கொள்வது. அரசு வேலை, வீடு, வெளிநாடு எல்லாம் வழிகள். 23ஆம் பத்தியான 'முதலும் அடித்தளமும்' சொல்வது, நாம் கடவுளைப் போற்றவும் பணிந்து தொண்டாற்றவும் படைக்கப்பட்டவர்கள். மற்றவை அதற்கு உதவும் அளவுக்குக் கொள்ளவும், தடுக்கும் அளவுக்கு விடவும் வேண்டும் என்பது. அதனால் உடல்நலமோ நோயோ, செல்வமோ வறுமையோ, நீண்ட ஆயுளோ குறுகிய ஆயுளோ, எதையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளாத நடுநிலை வேண்டும். துலாக்கோலின் நாக்கு நடுவில் நிற்பது போல.

நடுநிலை என்றால் ஆசையே இல்லாமல் இருப்பதல்ல. பரிசோதனை இப்படி: உங்கள் திட்டம் நடக்காது என்று ஒரு மணி நேரம் கற்பனை செய்யுங்கள். கோபம் வருகிறதா, வருத்தம் வருகிறதா? வருத்தம் இயல்பு. கோபம் வந்தால் பிடி இன்னும் இறுகியிருக்கிறது என்று பொருள். இதற்கு நூலில் ஒரு கதை உண்டு: பத்தாயிரம் பொற்காசு கையில் வந்த மூவகை மனிதர்கள். முதலாமவர் பிடியை விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சாகும்வரை ஒன்றும் செய்வதில்லை. இரண்டாமவர் காசை வைத்துக்கொண்டே பிடியை விடப் பார்க்கிறார். கடவுள் தன் வழிக்கு வரட்டும் என்கிறார். மூன்றாமவர், வைத்துக்கொள்ளவும் சம்மதம், கொடுத்துவிடவும் சம்மதம் என்று காத்திருக்கிறார். நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் வகை.

முடிவெடுக்கும் முறை என்ன?

மூன்று விதமான நேரங்கள் உண்டு. ஐயத்துக்கே இடமில்லாமல் தெளிவாகத் தெரிவது ஒன்று, அரிது. ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வந்து திசைகாட்டுவது இரண்டாவது. உங்கள் நோட்டு உதவுவது இங்கே. மனம் அமைதியாக இருக்கிறது, ஆனால் எந்த அசைவும் இல்லை என்றால் மூன்றாவது. அப்போது அறிவைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவதற்கு: கேள்வியை ஒரே வரியில், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படி எழுதுங்கள். "எதிர்காலம் என்ன" என்பது கேள்வியே அல்ல. "ஜூன் மாதம் ஊருக்குத் திரும்பி அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்வதா?" என்பது கேள்வி. ஒரு தாளை நான்காகப் பிரியுங்கள்: செய்தால் நன்மை, செய்தால் ஆபத்து, செய்யாவிட்டால் நன்மை, செய்யாவிட்டால் ஆபத்து. செய்யாவிட்டால் நன்மை என்பது செய்தால் ஆபத்து என்பதன் மறுபக்கம்தானே என்று கட்டத்தை விட்டுவிடாதீர்கள்; எழுதிப்பார்த்தால் புதிதாக ஒன்றிரண்டு வரும். ஒரே அமர்வில் நிரப்பாமல், இன்று 'ஆம்' என்று முடிவாகிவிட்டதாக வைத்து இரண்டு நாள் வாழுங்கள், பிறகு 'இல்லை' என்று இரண்டு நாள். பிறகு எண்ணிக்கையை அல்ல, எடையைப் பாருங்கள். பத்துக் காரணத்தை ஒரே காரணம் சாய்க்கலாம்.

இன்னும் சாயாவிட்டால்: முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? மரணப் படுக்கையில் எதைச் செய்திருக்க விரும்புவீர்கள்? மூன்று முறையிலும் ஒரே பதில் வந்தால் அதை எடுத்துக்கொண்டுபோய்ச் செபத்தில் ஒப்புக்கொடுங்கள். பத்து நாள் அமைதி நீடிக்கிறதா என்று பாருங்கள். 1544இல் இயேசு சபையின் கோவில்களுக்கு நிலையான வருமானம் வேண்டுமா என்ற ஒரே கேள்விக்கு இஞ்ஞாசியார் தினமும் குறிப்பெழுதி ஏறக்குறைய 40 நாள் எடுத்துக்கொண்டார்.

சீட்டுக் குலுக்கிப் போடுவது, விவிலியத்தைக் கண்ணைமூடித் திறப்பது, புத்தாண்டு வாக்குத்தத்த வசனம்?

வாக்குத்தத்த வசனத்தைச் செபத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அதை வைத்து நிலம் வாங்கக் கூடாது. சீட்டுப் போடுவதில் உள்ள கோளாறு, பிடிக்காத சீட்டு வந்தால் இன்னொரு முறை குலுக்குகிறோம். உண்மையில், வந்த சீட்டைப் பார்த்ததும் மனம் துவண்டதா, நிம்மதி அடைந்ததா என்பதில் தகவல் இருக்கிறது. அதை நோட்டில் எழுதிவிட்டுச் சீட்டைக் கிழித்துப்போடுங்கள்.

எனக்குத் திருமணமாகிவிட்டது, வயதும் 50. இனி முடிவெடுக்க என்ன இருக்கிறது?

திருமணம், குருத்துவம் போன்ற மாற்ற முடியாத நிலைகளை மறுபடி முடிவுக்கு எடுப்பதில்லை. அவற்றுக்குள் வாழும் விதத்தைச் சீர்செய்ய 189ஆம் பத்தி தனியே இருக்கிறது: எவ்வளவு பெரிய வீடு, வீட்டாரை எப்படி நடத்துவது, வருமானத்தில் குடும்பத்துக்கு எவ்வளவு, ஏழைகளுக்கு எவ்வளவு. ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே குடும்ப வரவுசெலவைச் செபப் பொருளாக்கியிருக்கிறார். கணவன் மனைவி இருவரும் தனித்தனியே எழுதி, பிறகு தாள்களை மாற்றிப் படிப்பது நல்லது.

பெரிய முடிவை அன்றாடத்துக்கு எப்படி இறக்குவது?

இரண்டு கருவிகள். முதலாவது, நிபந்தனையும் கெடுவும். 1534 ஆகஸ்டு 15 அன்று பாரிஸ் மோன்மார்த்ரில் இஞ்ஞாசியாரும் சவேரியார் உள்ளிட்ட ஆறு தோழர்களும் வாக்குக் கொடுத்தபோது எருசலேம் போவது என்று மட்டும் சொல்லவில்லை. வெனிசில் ஓராண்டு காத்திருந்தும் கப்பல் கிடைக்காவிட்டால் திருத்தந்தையிடம் போய் அவர் அனுப்பும் இடத்துக்குப் போவது என்றும் சேர்த்தே முடிவுசெய்தார்கள். கப்பல் கிடைக்கவில்லை. அந்த இரண்டாம் பாதியிலிருந்துதான் 1540இல் இயேசு சபை பிறந்தது, 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். உங்கள் தாளிலும் "அடுத்த பெந்தகோஸ்து வரை முயல்வேன், அமையாவிட்டால் இன்னது" என்ற வரி இருக்கட்டும்.

இரண்டாவது, தனி ஆய்வு. ஒரே ஒரு பழக்கத்தை எடுங்கள். ஒரு தாளில் நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்குப் பதினான்கு. தவறும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்து வருந்துங்கள், யாருக்கும் தெரியாது. மதியமும் இரவும் தவறிய தடவைகளைக் கோட்டில் புள்ளியாகக் குறியுங்கள். மதியக் கோட்டை இரவுக் கோட்டோடும், இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிடுங்கள். ஐந்து பழக்கத்துக்கு ஐந்து தாள் போடுபவர்கள் இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

வழிகாட்டி என் பிரச்சினைக்குத் தீர்வு சொல்வாரா?

சொல்லக் கூடாது. படைத்தவர் படைப்போடு நேரடியாகச் செயல்பட விட்டுவிட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும் என்பது 15ஆம் பத்தி அவருக்கு இடும் கட்டளை. "உனக்குத் துறவற அழைப்பு இருக்கிறது" என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவர், காணிக்கை கேட்பவர், வீட்டாரிடம் மறைக்கச் சொல்பவர், கனவுக்குப் பலன் சொல்பவர் என்றால் விலகிவிடுங்கள். நீங்கள் ஆறுதலில் திளைக்கும் நேரத்தில் அவசரமாக வாக்குக் கொடுக்கப் போனால் தடுப்பதும் அவர் கடமை. அருள்தந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற அருள்சகோதரிகளும் பொதுநிலையினரும் வழிகாட்டுகிறார்கள்.

நான் கிறிஸ்தவர் அல்ல. செய்யலாமா?

இரவு ஆய்வு, நோட்டு, நான்கு கட்டம் ஆகியவற்றை யாரும் செய்யலாம். நான்கு வாரப் பயிற்சி இயேசுவை மையமாகக் கொண்டது. அதை எடுத்துவிட்டுச் செய்தால் வேறொன்றாகிவிடும். முன்கூட்டியே வழிகாட்டியிடம் பேசுங்கள்.

எடுத்த முடிவு தவறென்று பின்னால் தெரிந்தால்?

முதலில் நோட்டைப் பாருங்கள்: இந்த 'தவறு' என்ற எண்ணம் வறண்ட வாரத்தில் வந்ததா? அப்படியானால் காத்திருங்கள். ஆறுதலான நாள்களிலும் மூன்று நான்கு வாரம் அதே எண்ணம் நின்றால், மாற்றக்கூடிய முடிவைச் சரியான முறையில் மறுபடி எடுக்கலாம். பழைய தாளைக் கிழிக்காமல் அதன் பின்பக்கத்திலேயே எழுதுங்கள். இஞ்ஞாசியாரே 1523இல் வாழ்நாளெல்லாம் தங்கிவிடும் உறுதியோடு எருசலேமுக்குப் போனார். அங்கே பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கன் துறவியர் தங்க அனுமதிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு, 33 வயதில், பார்சலோனாவில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கினார்.